இரண்டாம் பொத்தான்

பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் மகன் கடந்த 14ஆம் தேதி எதிரி விமானங்களுடன் நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவருடன் பணியாற்றியது இப்பிரிவில் உள்ள அனைவருக்கும் பெருமை. எப்போதும் சிரித்த முகத்துடன் இருப்பார். கடினமான நேரங்களில் மற்றவர்களுக்குத் தைரியம் கொடுப்பார். அவருடைய இடத்தை நிரப்புவது எளிதல்ல.

முடிவு உடனடியாக வந்தது. அவர் எந்த வலியையும் உணர்ந்திருக்கமாட்டார். அது தங்களுக்குச் சற்றேனும் ஆறுதல் தரும் என நம்புகிறேன்.

தங்கள் துயரத்தில் பங்குகொள்ளும்,
பிரிவுத் தலைவர்,
போர் விமானப் பிரிவு


மார்ச் 3

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

நான் இந்த ஊர் அரசு மருத்துவமனையில் ஆண்கள் பொது வார்டின் தலைமை நர்ஸ். எங்கள் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவரின் மகனும் உங்கள் பிரிவில்தான் இருந்தான். நவம்பரில் போய்விட்டான். சாப்பாட்டு நேரத்தில் நான் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "கொஞ்சம் குடுங்க சிஸ்டர்" என்று வாங்கிப் படித்தார். தன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கடிதத்துக்குப் பக்கத்தில் விரித்தார். 'அம்மா'வுக்குப் பதில் 'ஐயா' என்று இருந்ததையும் தேதியையும் மையின் நிறத்தையும் தவிர ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

"ரெண்டு பசங்களும் ஒரே மாதிரி சிரிச்சிருப்பாங்க போல" என்றார். பிறகு தன் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் என் மேஜைக்கு வருவதில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நானும் வராந்தாவில் நின்று இதைத்தான் செய்கிறேன். "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். கஷ்டப்படாம போயிட்டார்." மனைவி வந்தாலும் அண்ணன் வந்தாலும் இந்த இரண்டு வாக்கியம்தான். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும். அதனால்தான் உங்கள் வாக்கியங்களைப் பார்த்ததும் இனம் தெரிந்துவிட்டது.

ஆனால் என் மகன் சிரித்த முகத்துடன் இருந்தவன் அல்ல. சிறுவயதில் மருத்துவமனைப் படிக்கட்டில் விழுந்து முன்பல் பாதி உடைந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்து சிரித்ததே இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பான். பார்க்கிறவர்களுக்குக் கேலி செய்வதுபோல இருக்கும். அதற்காக வாத்தியார்களிடம் அடி வாங்கியிருக்கிறான்.

அவன் விமானப்படையில் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினேன். கிளம்பிப் போனவன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. மாதம் ஒரு அட்டை வரும். "நலம். சாப்பாடு பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." இவ்வளவுதான். கடைசி நாலு வருடம் அவன் எப்படி இருந்தான் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

எனக்கு ஒன்றே ஒன்று எழுதுங்கள். எக்ஸ்ரேக்காரர் மகனுக்குப் பொருந்தாததாக ஒன்று. நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அவன் அம்மா


மார்ச் 19

அம்மா அவர்களுக்கு,

வெட்கமாக இருக்கிறது. எனக்கு முன்பு இந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் விட்டுப்போன மாதிரிக் கடிதம் ஒன்று மேஜையில் இருக்கிறது. எல்லோருக்கும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். ஒரே மருத்துவமனைக்கு இரண்டு போய்ச் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். உடைந்த பல் நினைவில் இல்லை. அவனுடைய விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பல்லா? ஏன் சார் இல்ல? அவன் ஆப்பிளைக் கடிச்சா கடிச்ச எடத்துல நடுவுல ஒரு சின்னச் சுவரு நிக்கும். பழத்த வச்சிட்டுப் போனாலே யாருதுன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

நீங்கள் கேட்ட ஒன்று இதோ. இங்கே அவனுக்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர். ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் பறக்கும் உடையோடு காத்திருப்போம். மணி அடித்தால் ஓட வேண்டும். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், சண்டை போடுவார்கள், சிலர் கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். இவன் நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவான். மணி அடித்ததும் யாராவது ஒருவர் அவன் நாற்காலியை உதைத்துவிட்டு ஓடுவது வழக்கம். "எந்திரிடா தூங்குமூஞ்சி, உலகம் அழியப் போகுது!" அவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். இவ்வளவு நிம்மதியான ஆள் என் பிரிவில் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைப்பேன்.

இது உண்மை. எக்ஸ்ரேக்காரர் மகன் கொட்டகையில் ஒரு நிமிடம் கண் மூடியதில்லை.

பிரிவுத் தலைவர்


ஏப்ரல் 2

ஐயா,

ஆப்பிள் பற்றி எழுதியதற்கு நன்றி. அதை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் அவன் தூங்கவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறான்.

அவனுக்கு மூன்று வயதில் அவன் அப்பா எங்களை விட்டுப் போனார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரவு டூட்டிக்கு அவனையும் கூட்டிவந்து நர்ஸ்கள் அறையில் ஒரு பெஞ்சில் படுக்கவைப்பேன். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பான். மூச்சுகூடச் சரியாக விடுவான். மற்ற நர்ஸ்கள், "என்ன சமத்துப் பிள்ளை!" என்பார்கள். எனக்குத் தெரியும். தூங்குகிறவனின் கால்விரல்கள் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இவனுடையது போர்வைக்குள் கம்பிபோல விறைத்து நிற்கும். வார்டில் யாராவது கத்தினால் விரல்கள் மடங்கும். முகம் அசையாது. விழித்திருப்பது தெரிந்தால் நான் வருத்தப்படுவேன் என்று அப்படிச் செய்தான். எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொண்டதில்லை. எனக்கு நூறு வேலை. அவன் தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது.

பெரியவன் ஆனதும் எங்கள் மருத்துவமனையிலேயே லிஃப்ட் ஓட்டினான். இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். படையில் சேர்கிறேன் என்று வந்து நின்றபோது, "லிஃப்டுல உக்காந்திருக்கறவனுக்கு வானத்துல என்னடா வேலை?" என்று கேட்டேன். "அதுவும் மேல கீழ போறதுதானேம்மா. ஜன்னல் ஒண்ணு கூட இருக்கும், அவ்வளவுதான்" என்றான். உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அதிகமாகப் பேசிவிட்டேன்.

நீங்கள் ஒன்று சொல்லிவிட்டதால் இன்னொன்று கேட்கிறேன். 'உடனடியாக' என்று எழுதியிருந்தீர்கள். எக்ஸ்ரேக்காரருக்கும் அதையே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் எப்போதெல்லாம் பயன்படுத்துகிறேன் என்று எனக்குத் தெரியும். விமானங்களில் ரேடியோ இருக்கும், ஒருவர் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கும் என்கிறார்கள். அவன் ஏதாவது சொன்னானா?

அவன் அம்மா


ஏப்ரல் 25

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். தவறாக நினைக்க வேண்டாம். அவர் கொஞ்ச நேரம் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பூட்ஸோடவே படுப்பான் சார். கழட்டுடா, காலு அழுகிடும்னு எத்தனையோ தரம் சொன்னேன். கழட்டவே மாட்டான்" என்றார். கால்விரல்களை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றா கழற்றாமல் இருந்தான்? எனக்குத் தெரியவில்லை.

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். அவன் சாதாரண விமானி. சுடுவதில் சுமார். வந்து வெகுகாலம் ஒரு எதிரி விமானத்தையும் வீழ்த்தவில்லை. கடைசியில் ஒன்றை வீழ்த்தினான், இன்னொன்றில் பாதிப் பங்கு. அன்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். "அந்தப் பாதியில யாரு சார் இருந்தாங்க? முன்பாதியா பின்பாதியா?" என்று கேட்டான். சிரிப்பதா என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் பறக்க அவனைப்போல ஒருவன் கிடைக்கமாட்டான். திரும்பிப் பார்த்தால் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பான். நான் எப்போதும் அவனைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. வந்த புதிதில், மேலே ஏறும்போது ரேடியோவில் மாடிகளைச் சொல்லுவான். "முதல் மாடி, பிரசவ வார்டு, குழந்தை பாக்கறவங்க எறங்கலாம்." மேகத்தைத் தாண்டும்போது, "மூணாவது மாடி, கண் டாக்டர். கதவுல சாயாதீங்க." எல்லோரும் சிரிப்பார்கள். எதற்காக மாடி, எதற்காக டாக்டர் என்று எங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் ஓட்டியதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே விளங்கியது.

அதை நான் நிறுத்தினேன். ரேடியோவில் வெட்டிப்பேச்சு பேசினால் எச்சரிக்கை காதில் விழாது, ஆள் சாவான். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினேன். "உன் வாயை மூடிக்கிட்டு வா. இது உங்க வீட்டு மாடி இல்ல." "சரி சார்" என்றான். பிறகு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மே மாதம் எனக்கு விடுப்பு முறை. உங்கள் ஊர் வழியாகத்தான் ரயில். பதினைந்தாம் தேதி நேரில் வந்து சொல்கிறேன்.

எனக்கு இருபத்தெட்டு வயது. இங்கே என்னைப் 'பெரியவர்' என்று கூப்பிடுகிறார்கள். நீங்கள் 'ஐயா' என்று எழுதும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

பிரிவுத் தலைவர்


மே 28

தம்பி,

வயதைச் சொன்ன பிறகு ஐயா என்று எழுத முடியவில்லை.

பதினைந்தாம் தேதி டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அவன் லிஃப்டில் போட்டிருந்த தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தேன். உங்களிடம் கொடுக்கவா, காட்டவா என்று எனக்கே நிச்சயம் இல்லை. மத்தியானம் சீருடை போட்ட ஒருவர் தெருமுனையில் திரும்பினார். நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் எதிர்வீட்டுக்குப் போனார். அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நான் அங்கே போனேன். எனக்குப் பழக்கமான வேலைதானே.

நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. விடுப்பை ரத்து செய்திருப்பார்கள், அல்லது ரயிலில் ஏறிவிட்டு எங்கள் ஊரில் இறங்காமல் போயிருப்பீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

எழுதுங்கள். தீக்காயக்காரர்களைக் குளிப்பாட்டிக் கட்டுப் போட்டவள் நான். நீங்கள் எழுதுவது எதுவானாலும் நான் கையால் தொட்டதாகத்தான் இருக்கும். தெரியாமல் இருப்பதுதான் என்னை அரிக்கிறது. அவன் என்ன சொன்னான்?

அவன் அம்மா


ஜூன் 9

அம்மா,

இறங்காமல் போனேன். ரயில் உங்கள் நிலையத்தில் நின்றபோது பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். வண்டி கிளம்பியதும் திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

அன்று நான்கு விமானங்களில் போனோம். நான், எனக்குப் பக்கத்தில் உங்கள் மகன், பின்னால் இருவர். கடற்கரைக்கு மேலே மேகத்துக்குள்ளிருந்து எங்கள்மேல் வந்து விழுந்தார்கள். இரண்டொரு நிமிடம்தான். அவர்கள் போய்விட்டார்கள். அவன் எஞ்சினில் தீப்பிடித்திருந்தது. குதிக்க வேண்டும். குதிப்பதற்குத் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடியைப் பின்னால் தள்ள வேண்டும்.

"மூடி திறக்கலை" என்றான். சாதாரணக் குரலில்தான் சொன்னான்.

"கம்பிய எடு. நெம்பு" என்றேன்.

"நெம்பறேன் சார்."

கொஞ்ச நேரம் கழித்து, "திறக்கலை" என்றான். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

இங்கே நான் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ரேடியோவில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. முதல் பொத்தானில்தான் எல்லோரும் பேசிக்கொள்வோம். எரிகிற விமானத்தில் மாட்டிக்கொண்டவன் பேசும் சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி இருப்பான். ஒருவன் அழுத்திப் பிடித்திருந்தால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் எச்சரிக்க முடியாது. வெளியே சொல்லும் காரணம் இது. இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேட்டவர்கள் மறுநாள் சரியாகப் பறப்பதில்லை. ஆகவே தலைவன், "எல்லாரும் ரெண்டு" என்பான். ஒவ்வொருவரும் "சரி" என்று சொல்லிவிட்டு இரண்டாம் பொத்தானை அழுத்துவார்கள். அதன்பிறகு முதல் பொத்தானில் அவன் மட்டும் இருப்பான்.

நான் சொன்னேன்: "எல்லாரும் ரெண்டு."

எனக்கு இரண்டு 'சரி' வர வேண்டும். மூன்று வந்தன. மூன்றாவது அவனுடையது.

அந்த உத்தரவு என்னவென்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக அவனும் பலமுறை சரி சொல்லி இரண்டுக்குப் போனவன்தான். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா, எங்களைப் போகச் சொன்னானா, இதைத்தான் பிப்ரவரியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் பேசினானா, என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டில் இருந்தோம். விமானம் கடலில் விழும்வரை நான் பக்கத்திலேயே பறந்தேன். மூடிக்குள் புகை நிறைந்திருந்தது. உள்பக்கம் ஒரு உள்ளங்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. பிறகு அது இல்லை.

உடனடியாக நடக்கவில்லை.

பிரிவுத் தலைவர்


ஜூன் 30

தம்பி,

துணி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்து மாலை ஊசிகளையெல்லாம் போட்டு முடித்தேன். ஒன்றும் தவறவில்லை.

எங்கள் வார்டில் மூன்று மடிப்பாக ஒரு மறைப்பு இருக்கிறது. பச்சைத் துணி, அடியில் சக்கரம். முடியப்போகிறவரின் கட்டிலைச் சுற்றி அதைத் தள்ளிக்கொண்டுபோய் வைப்போம். மற்ற நோயாளிகள் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்று சாப்பிடமாட்டார்கள், ராத்திரி மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். வைத்துவிட்டு நாங்கள் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விடுவோம். உள்ளே இருப்பவருக்கு அந்தச் சக்கரச் சத்தம் எதற்கென்று தெரியும். ஒருவருடைய கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறைப்பு தட்டாமல் இருக்க அவரே காலை இழுத்து வழிவிட்டார். நான் 'தேங்க்ஸ்' என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனை முறை தள்ளியிருப்பேன் என்று கணக்கில்லை.

அதனால் நீ செய்தது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை. மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. நல்லவேளை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

அவன் பேசாமல் இருந்திருப்பான் என்று முதலில் நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டால் அவன் அதற்குமேல் பேசமாட்டான். பிறகு வேறு மாதிரித் தோன்றியது. திட்டுவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் மாடிகளைச் சொல்லிக்கொண்டு இறங்கியிருப்பான். எங்கள் கட்டடத்துக்கு மூன்றே மாடி. சீக்கிரம் முடிந்திருக்கும். இப்படி ஒன்றை நானே செய்து வைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். உன் மாதிரிக் கடிதத்தைவிட இது ஒன்றும் உயர்ந்ததல்ல.

ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மற்றவர்களை இரண்டுக்கு அனுப்பு. நீ மட்டும் ஒன்றில் இரு. யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

அம்மா


ஜூலை 20

அம்மா,

இருந்தேன். சென்ற வாரம். புதிதாக வந்தவன், இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மற்றவர்களை இரண்டுக்கு அனுப்பினேன். நான் பொத்தானைத் தொடவில்லை.

நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசினான். இடையில் சுவிட்சை ஒரு நொடி விட்டான். "நான் இருக்கேன்டா" என்றேன். காதில் விழுந்ததா என்று தெரியாது. அவன் பேச்சு மாறவில்லை.

அவன் சொன்னதை உங்களுக்கு எழுதமாட்டேன். அவன் வீட்டுக்கும் எழுதமாட்டேன். உங்கள் மகன் மாடிகளைச் சொல்லிக்கொண்டு இறங்கியிருப்பான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் எழுதுகிறேன். ஒரு கடிதத்துக்கு நாலு தாள் வீணாகிறது. அந்தப் பையனின் வீட்டுக்கு எழுத எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், அவன் டீயில் சர்க்கரையைக் கலக்காமல் குடித்துவிட்டுக் கடைசியில் அடியில் தங்கியதை விரலால் வழித்துத் தின்பான். அதை எழுதினேன்.

கொட்டகையில் இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன். பூட்ஸைக் கழற்றுவதில்லை. மெக்கானிக் நேற்று வந்து என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பேர ஒங்களுக்கு வச்சிட்டாங்க சார், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

உங்கள்,
தூங்குமூஞ்சி


ஆகஸ்ட் 6

தம்பி,

நான் அதை உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. என் பிள்ளைக்குச் செய்ய முடியாமல் போனதை உன் தலையில் கட்டினேன். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. நீ இனி ஒன்றில் இருந்தாலும் இரண்டில் இருந்தாலும் கெட்டது கெட்டதுதான்.

நானும் இப்போது மறைப்புக்கு உள்ளே போய் உட்கார்கிறேன். இளம் நர்ஸ்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். "சிஸ்டருக்கு மகன் போனதுலேர்ந்து ஒரு மாதிரி." நேற்று ஒரு தச்சர். கடைசியில் என் கையைப் பிடித்து, "கொழாய மூடினியா?" என்று கேட்டார். "மூடிட்டேன்" என்றேன். "நல்லா மூடினியா?" என்றார். அவ்வளவுதான், முடிந்துபோனது. நான் உள்ளே இருந்ததால் அவருக்கு எதுவும் சுலபமாகிவிடவில்லை. என்னை யாரென்று நினைத்தார் என்றுகூடத் தெரியாது.

உன் கையெழுத்து ஏப்ரலில் இருந்ததுபோல இல்லை. கோடு நடுங்குகிறது. இப்படி எழுதுகிறவனை என் வார்டில் எழுந்து நடக்கவே விடமாட்டேன். உன் மேலே இருப்பவர்களிடம் சொல், கொஞ்ச நாளாவது தரையில் வைத்திருக்கச் சொல். சொல்லமாட்டாய் என்று தெரியும். ஒருத்தன் சொல்லாததைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த விடுப்பில் இறங்கு. எதுவும் பேச வேண்டியதில்லை. அந்தத் தொப்பியை உனக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கு. நான் காலைப் பார்க்கமாட்டேன்.

அம்மா


அக்டோபர் 2

தம்பி,

ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் இல்லை. செப்டம்பரில் போட்டதற்கும் இல்லை. இரண்டும் திரும்பி வரவும் இல்லை.

ஏதாவது ஆகியிருந்தால் உன் வீட்டுக்கு எழுதுவார்கள். எனக்கு எழுத அவர்களுக்குக் காரணம் இல்லை. நான் உனக்கு என்ன உறவு என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. எக்ஸ்ரேக்காரர் நேற்று என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு. "இன்னும் அவங்களுக்கு எழுதறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என் பையனப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்றார். கொட்டகையில் அவன் ஒரு நிமிடம்கூடக் கண் மூடியதில்லை என்று நீ எழுதியதைச் சொன்னேன். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "ஆமா, அப்படித்தான் இருந்திருப்பான்" என்றார்.

லிஃப்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். மாடிகளைச் சொல்வதில்லை. பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இதற்குக் கீழே இருப்பதை நீ படிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அவருடைய மேஜைக்கு வந்திருக்கும் வேறு ஒருவர் பிரித்திருந்தால்: ஐயா, எனக்கு அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். முதல் பொத்தானில் யாராவது இருந்தார்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

தலைமை நர்ஸ்,
ஆண்கள் பொது வார்டு